200 முட்டைத் தொகுதி, 38 கிலோ கூடு: பால் புழு நோயில் போன ஒரு பேட்ச்

பட்டுப்புழு வளர்ப்பில் 200 முட்டைத் தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) எடுத்தால் 140 கிலோ வெண்கூடு வரும் என்பது உடுமலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. நன்றாக வளர்க்கிறவர்கள் நூறு தொகுதிக்கு 80 கிலோகூட எடுக்கிறார்கள். சித்திரை வெயிலில், உடம்பில் பால் வடிந்து புழு சாகும் பால் புழு நோய் வந்த எங்கள் ஷெட்டில் இருந்து வண்டி ஏறியது 38 கிலோ. அதுவும் மெல்லிய கூடு, கறை படிந்த கூடு எல்லாம் கலந்தது என்பதால் கிலோ 320 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. சாக்கிப் புழுவுக்கு (முதல் இரண்டு பருவம் வளர்த்து விற்கும் குஞ்சுப் புழு) 8,000, கூலிக்கு 19,000, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, படுக்கை மருந்துக்கு 4,500, ஷெட் குத்தகையில் அந்த பேட்சின் பங்கு 6,000, வண்டி வாடகை 1,000. மொத்தம் 38,500 போட்டு 12,160 திரும்பி வந்தது. கைப்பணம் மட்டும் 26,340 ரூபாய் போயிற்று. வரவேண்டிய 70,000 வராமல் போனதும், மல்பெரித் தோட்டத்துக்குப் போட்ட உரமும், வீட்டு ஆட்களின் உழைப்பும் இந்தக் கணக்கில் இல்லை.

பயிற்சிக்குப் போனால் புழு வளர்ப்பதை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். எத்தனை டிகிரி, எத்தனை வேளை இலை, எந்தப் பவுடர் எல்லாம் நோட்டில் இருக்கும். கெட்டுப்போகும் பேட்ச் முதலில் எப்படித் தெரியும், தெரிந்த அன்று எத்தனை நாள் பின்னால் போய்க் காரணத்தைத் தேட வேண்டும் என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் நோய் கண்ணுக்குத் தெரிகிற நாளும் நோய் உள்ளே போன நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் வரை இடைவெளி இருக்கிறது. அந்த ஒரு வாரமும் நாம் இலை வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்போம்.

இது ஏன் இவ்வளவு பெரிய அடியாக விழுகிறது என்றால், புழுவின் வாழ்க்கையே அப்படி அமைந்தது. முட்டை பொரிந்து புழு பழுக்க, அதாவது கூடு கட்டத் தயாராக, 23 முதல் 26 நாள். நடுவில் நான்கு முறை தோலுரிக்கும், அதனால் ஐந்து பருவம். முதல் இரண்டு பருவமும் சேர்த்து ஒரு வாரம். மூன்றாம் பருவம் மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூட, நான்காம் பருவம் நாலைந்து நாள், ஐந்தாம் பருவம் ஏழெட்டு நாள். பொரிந்த நாளில் இருந்ததைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு எடை கூடித்தான் புழு கூடு கட்டப் போகிறது. 100 முட்டைத் தொகுதிக்குத் தேவையான இலை 1,000 முதல் 1,200 கிலோ. இதில் 80 முதல் 85 சதவீதம் ஐந்தாம் பருவத்தில் மட்டும் போகிறது. மூன்றாம் பருவத்தில் ஒரு பேட்சை இழந்தால் சாக்கிக் காசும் கொஞ்சம் கூலியும் போகும், தோட்டத்தில் இலை மிஞ்சும். ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் நாள் இழந்தால் தோட்டமும் மொட்டை, கூலியும் முக்கால்வாசி கொடுத்தாயிற்று, அடுத்த இலைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பால் புழு நோய் கூட்டமாக வெளியே வருவது பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான்.

எங்கள் ஷெட் குத்தகைக்கு எடுத்தது. 50 அடிக்கு 20 அடி, மூன்று அடுக்கு ரேக், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விட்டவர் முந்தின இரண்டு பேட்சிலும் பால் புழு வந்துதான் தொழிலையே விட்டார் என்பது எங்கள் பேட்ச் போன பிறகு அக்கம்பக்கத்தில் பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. பழைய ஷெட்டைக் குத்தகைக்கோ விலைக்கோ எடுக்கிறவர்கள் கூரையையும் கரண்ட்டையும் பார்ப்பதற்கு முன்னால், கடைசி மூன்று பேட்சுக்கும் கூடு விற்ற ரசீதைக் கேளுங்கள். நூற்றுக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தால் ஷெட்டின் வரலாறு தெரிந்துவிடும். ரசீது இல்லை என்று இழுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பால் புழு நோயை உண்டாக்கும் வைரஸ், பாலிஹெட்ரா என்ற புரத உறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். சுவர் விரிசல், ரேக் கயிற்று முடிச்சு, தரைப் புழுதி என்று எங்கு விழுந்தாலும் அடுத்தடுத்த பேட்ச் வரை, சில சமயம் வருடக்கணக்கில், அப்படியே கிடக்கும். இலையோடு புழுவின் வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள காரத்தில் உறை கரைந்து வைரஸ் வெளியே வருகிறது. ஷெட்டைக் கழுவும்போது சுண்ணாம்பு சேர்ப்பதற்கும் இதுதான் காரணம். சுண்ணாம்பின் காரம் உறையைத் தளர்த்தும், குளோரின் உள்ளே இருப்பதைக் கொல்லும். தனி பிளீச்சிங் பவுடரை மட்டும் கரைத்துத் தெளித்துவிட்டுக் கிருமிநீக்கம் செய்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அளவு இதுதான். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. 1,000 சதுர அடி ஷெட்டுக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். கைத்தெளிப்பானில் நாலு டேங்க் அடித்து முடிப்பது சுவரை நனைக்கக்கூடக் காணாது, பவர் ஸ்பிரேயர் வேண்டும். அடித்த பிறகு சுவரும் ரேக்கும் அரைமணி நேரமாவது ஈரமாக நிற்க வேண்டும் என்பதால் உச்சி வெயிலில் அடிக்கக்கூடாது, விடியலிலோ சாயங்காலமோ அடிக்கலாம். கூடு எடுத்த அன்று அடிக்கும் முதல் முறையைத் தவிர, அதற்கும் முன்னால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். எச்சமும் இலைத் தூளும் ஒட்டிக்கிடந்தால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும், கிருமி வரைக்கும் போய்ச் சேராது. பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும். வாய் திறந்த மூட்டையில் கடையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வாசம் மட்டும் இருக்கும், வேலை செய்யாது. கட்டி தட்டிப்போன, பிசுபிசுத்த பவுடரை விலை குறைவு என்று வாங்காதீர்கள். தயாரிப்புத் தேதி பார்த்து, சீல் உடைக்காத பாக்கெட் வாங்கி, கரைத்த அன்றே அடித்துவிடுங்கள். இரும்பு ரேக் துருப்பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் குளோரின் டை ஆக்சைடு மருந்துக்குப் போகலாம், செலவு கொஞ்சம் கூடும். எதுவானாலும் கூடு எடுத்தவுடன் ஒருமுறை, புழு வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒருமுறை என்று இரண்டு தடவை கட்டாயம் அடிக்க வேண்டும். கெட்ட பெயர் உள்ள ஷெட்டுக்கு நடுவில் இன்னொன்றும் அடித்து, சுவர் விரிசலை சிமென்ட் பூசி அடைத்து, கயிற்றையும் பழைய வலையையும் கொளுத்திவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் என் யோசனை. மண் தரையாக இருந்தால் சிமென்ட் போடாமல் அதில் இறங்கவே வேண்டாம்.

புழுவைப் பெரும்பாலும் இரண்டாம் தோலுரிப்பில் சாக்கி சென்டரில் இருந்துதான் வாங்குகிறோம். அங்கே 27, 28 டிகிரி சூட்டிலும் 85, 90 சதவீத ஈரப்பதத்திலும் வளர்ந்த குஞ்சுப் புழு அது. ஒரு முட்டைத் தொகுதியில் ஏறத்தாழ 500 முட்டை என்பதால், நூறுக்குப் பொரிந்து வருவது 45,000 புழுவுக்குக் குறையக்கூடாது. சாக்கி சென்டரில் கேட்க வேண்டியவை சில உண்டு: என்றைக்குப் பொரிந்தது, எத்தனை சதவீதம் பொரிந்தது, அதே தேதியில் வேறு யார் யாருக்குக் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் நோய் வந்தால் அந்தப் பெயர்கள்தான் உதவும். அவர்களில் நாலு பேர் ஷெட்டிலும் அதே நாளில் அதே நோய் என்றால் கோளாறு இங்கே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் நன்றாக வந்து நமக்கு மட்டும் போனால் நம் ஷெட்டிலோ இலையிலோதான் தேட வேண்டும். எங்கள் விஷயத்தில் அப்படித்தான் தெரிந்தது. அதே நாள் புழு வாங்கிய பக்கத்து ஊர்க்காரருக்கு நூற்றுக்கு 74 கிலோ. கேட்டபோது சந்தோஷப்பட முடியவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் பருவம் பார்க்க அழகாகப் போகும். கெட்டுப்போகும் பேட்சிலும் அழகாகத்தான் போகும். கவனிக்க வேண்டிய இடம் தோலுரிப்பு. புழு தலையைத் தூக்கி அசையாமல் உட்கார்ந்தால் உறக்கத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பத்தில் ஒன்பது புழு உட்கார்ந்ததும் இலையை நிறுத்திவிட்டுப் படுக்கை மேல் சுண்ணாம்புத் தூள் தூவி உலர்த்தி, காற்றோட்டம் விட வேண்டும். நூற்றில் 95 எழுந்த பிறகுதான் அடுத்த இலை. முந்தி எழுந்த புழு பசியில் அலைகிறதே என்று இரக்கப்பட்டு இலை போட்டால் பேட்ச் இரண்டாகப் பிரிந்துவிடும். பெரிய புழு ஒரு பக்கம், சின்னப் புழு ஒரு பக்கம் என்று கடைசி வரை இழுக்கும். முதல் இலைக்கு அரைமணி நேரம் முன்னால் விஜேதா மாதிரியான படுக்கை மருந்தைத் தூவ வேண்டும். 100 முட்டைத் தொகுதிக்கு ஒரு பேட்ச் முழுக்க 4 முதல் 5 கிலோ வரை ஆகும். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் ஒருமுறை, ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாள் ஒருமுறை. தோல் உரித்த புழுதான் நோய்க்குச் சுலபமாக மாட்டும், அதனால் அந்த வேளை தவறவே கூடாது.

எங்கள் பேட்சின் முதல் அடையாளம் நான்காம் தோலுரிப்பில் வந்தது. எல்லாப் புழுவும் உறங்கும்போது சில புழு மட்டும் உறங்காமல் ரேக் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. தோல் இழுத்துக் கட்டியது போலப் பளபளப்பு, கணுவுக்குக் கணு லேசாகப் புடைப்பு. மொத்த ஷெட்டிலும் சேர்த்தால் ஒரு தட்டுக்கூட நிறையாது. இலை போட வந்த அக்கா, "நாலு புழு அப்படித்தானுங்க இருக்கும், எல்லாச் ஷெட்லயும் இருக்கறதுதான்" என்றார். அவர் சொன்னது பொய்யுமில்லை. ஆனால் உறக்க நேரத்தில் ஊர்கிற பளபளப்புப் புழுவை ஒன்றைப் பிடித்து, பின்பக்கத்துக் கொம்பு மாதிரி இருக்கும் முள்ளையோ ஒரு காலையோ ஊசியால் குத்திப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் பயமில்லை. பால் மாதிரி வெள்ளையாக வடிந்தால் அதுதான் நோய். அந்த ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் கிருமி உண்டு. அந்தப் புழு ஊர்ந்த வழியெல்லாம், அது வெடித்துச் சிந்திய இலையெல்லாம் அடுத்த புழுவுக்கு விஷம். உள்ளே போனதில் இருந்து வெளியே தெரிய ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள். நான்காம் தோலுரிப்பில் பார்ப்பது மூன்றாம் பருவத்தில் பிடித்தது. அவை அன்றைக்குச் சிந்தியது ஐந்தாம் பருவத்தின் நடுவில் பல்லாயிரமாக வந்து நிற்கும்.

அப்படித்தான் வந்து நின்றது. ஐந்தாம் பருவத்தில் ஐந்தாம் நாள் காலையில் ரேக் கம்பி முழுக்கப் புழு. தலைகீழாகத் தொங்குகிற புழு, தொட்டதும் பொத்துக்கொண்டு பால் வடிகிற புழு, தரையில் விழுந்து கறுத்துக் கிடக்கிற புழு. அந்த நாற்றம் சட்டையில் இருந்து போக வெகு நாள் ஆயிற்று. இலை போடுவதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிற புழு தின்றுகொண்டு இருக்கும்போது எப்படி நிறுத்துவது? சோறு இறங்கவில்லை, வீட்டில் யாரோடும் பேசவும் பிடிக்கவில்லை. பொறுக்கப் பொறுக்கக் கூடை நிறைந்தது. தனியாக இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அன்றைக்கு முதல் வேலை பொறுக்குவது அல்ல, வட்டாரப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்கு போன் செய்வது. பால் புழுவா, வாந்தி எடுத்துத் துவண்டு சாகும் வேறு நோயா, பூச்சிமருந்தா என்று பார்த்துச் சொல்ல ஆள் வந்தால் பாதிக் குழப்பம் தீரும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

நோய்ப் புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள். மூங்கில் குச்சியாலோ இடுக்கியாலோ எடுத்து, பக்கத்தில் வைத்திருக்கும் பிளீச்சிங் சுண்ணாம்புக் கரைசலில் போட வேண்டும். பிறகு ஷெட்டில் இருந்து தூரமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். கோழிக்குப் போடுவதும் வாய்க்காலில் வீசுவதும் ஊர் முழுக்க நோயை விதைக்கிற வேலை. கோழி எச்சத்தில் அந்த வைரஸ் சாகாமல் வெளியே வந்து தோட்டத்து இலையில் ஒட்டும். படுக்கைக் கழிவையும் நேராக மல்பெரிக்கு எருவாகப் போடக்கூடாது, குழியில் நன்றாக மக்க வைத்த பிறகுதான் போடலாம். ஒரு ரேக்கில் நோய் கண்டால் அந்த ரேக்குக்கு எப்போதும் கடைசியாகப் போங்கள். ஆட்கள் உள்ளே வருமுன் கையையும் காலையும் கரைசலில் நனைக்க வாசலில் தொட்டி வையுங்கள். இவ்வளவு செய்தும், ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே எல்லா ரேக்கிலும் நோய்ப் புழு தென்பட்டால் பேட்சைக் கொட்டிவிடுவதே மேல் என்பது என் கருத்து. மனது கேட்காது. ஆனால் தோட்டத்தில் மிஞ்சும் ஒன்றரை டன் இலைக்குச் சாக்கி சென்டரில் வேறு புழு கிடைத்தால் அந்த மாதமே தப்பிக்கலாம். நாங்கள் கடைசி வரை போட்டோம், 38 கிலோவுக்கு.

வெயிலும் இதில் பங்காளி. ஐந்தாம் பருவத்துக்கு 24, 25 டிகிரியும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும். சித்திரை மதியம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 36 டிகிரியை மீட்டர் காட்டும். சூடு ஒன்றே நோயைக் கொண்டுவராது, ஆனால் உள்ளே இருக்கும் நோயை வேகமாகப் பெருக்கும். பகலில் 36, இரவில் 24 என்று ஏறி இறங்குவது இன்னும் மோசம். கூரை மேல் தென்னங்கீற்று வேய்வதும், அதன்மேல் தெளிப்பு நீர் ஓட விடுவதும், ஜன்னலுக்கு நனைத்த சாக்குப் படுதா கட்டுவதும் நாலைந்து டிகிரி குறைக்கும். படுதாவை நனைத்துவிட்டு ஜன்னலையும் அடைத்தால் உள்ளே புழுங்கும், இலை வியர்க்கும், அதில் வேறு நோய் வரும். கோடையில் 200 எடுக்கும் தோட்டத்தில் 120, 130 எடுத்து, படுக்கையை அகலமாகப் பரப்பி வளர்ப்பது நல்லது. ஒரு ஏக்கர் வி1 ரக மல்பெரிக்கு ஒரு பேட்சுக்கு 200க்கு மேல் எப்போதுமே ஆசைப்படாதீர்கள். இலை பற்றாமல் கடைசி மூன்று நாள் முற்றிய இலையும் தூசி இலையும் போட்டு ஒப்பேற்றுவதும் பால் புழுவை அழைக்கிற வழி.

பூச்சிமருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதையும் பலர் நோய் என்றே நினைத்து ஷெட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் படைப்புழு வந்ததில் இருந்து மக்காச்சோளத்துக்கு எமாமெக்டின் பென்சோயேட்டும் குளோரான்ட்ரானிலிப்ரோலும் அடிப்பது சாதாரணமாகிவிட்டது. படைப்புழுவும் புழு, பட்டுப்புழுவும் புழு, மருந்துக்குப் பேதம் தெரியாது. காற்றில் வந்து ஓர வரிசை இலையில் படும் அளவே போதும். புழு பச்சையாகக் கக்கும், உடம்பை முறுக்கும், சுருங்கிச் சாகும். கொஞ்சமாகப் பட்டிருந்தால் சாகாமல் தீனி குறைந்து ஒழுங்கில்லாமல் வளரும். தென்னையிலும் மற்ற பயிர்களிலும் வெள்ளை ஈக்குப் பயன்படும் பைரிப்ராக்சிபென் இன்னும் வஞ்சகமானது. அது புழுவின் இளமைச் சுரப்பைப் போல வேலை செய்வதால் புழு சாகாது, தின்றுகொண்டே இருக்கும், பருக்கும், கூடு மட்டும் கட்டாது. கூடு கட்ட விடும் தட்டான நெட்ரிகாவில் ஏற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருந்த பிறகுதான் போனது தெரியும்.

பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, அவருக்கும் பயிர் இருக்கிறது. "ஏனுங்ண்ணா, மருந்து அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்று நடவு சமயத்திலேயே பேசி வைத்தால் பெரும்பாலானோர் சொல்லிவிடுகிறார்கள். மக்காச்சோளப் பக்கத்து நாலைந்து வரிசை மல்பெரியைப் புழுவுக்கும் வெட்டாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள், அந்த மருந்து மாட்டுக்கும் ஆகாது. மழை கழுவிப் புது இலை வரும்வரை வெட்டிக் குழியில் போடுங்கள். ஒவ்வொரு திசையில் இருந்தும் ஒரு கைப்பிடித் தண்டு வெட்டி, ஐம்பது புழுவுக்குத் தனித்தனியாக ஒரு நாள் போட்டுப் பார்த்த பிறகே அந்தப் பக்கத்து இலையை ஷெட்டுக்குக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் மலிவான காப்பீடு. நம் மல்பெரிக்கே இலைப்பேனுக்கு ரோகர் அடித்தால் குறைந்தது 20 நாள் வெட்டக்கூடாது. ஷெட்டுக்குப் பக்கத்தில் கொசுவத்தி கொளுத்துவதும், களைக்கொல்லி அடித்த டேங்கிலேயே கிருமிநாசினி கலக்குவதும், புகையிலை போட்ட கையோடு இலை போடுவதும் கூடாது.

புழு மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊசி ஈ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் எல்லாவற்றுக்கும் நைலான் வலை, வாசலில் இரட்டைக் கதவு. புழு மேல் கறுப்புப் புள்ளி தென்பட்டால் வலையில் எங்கோ ஓட்டை.

தப்பிப் பிழைத்த புழு பழுக்கும்போது உடம்பு சுருங்கிக் கண்ணாடி போல ஆகும், தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கித் தேடும். சதுர அடிக்கு 40 புழுவுக்கு மேல் ஏற்றக்கூடாது. நெருக்கினால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டும், அந்த இரட்டைக் கூட்டில் நூல் சிக்கும், விலை பாதிக்கும் கீழே. கூடு கட்டத் தொடங்குமுன் புழு நிறைய நீர் விடும். கீழே செய்தித்தாள் விரித்து மறுநாள் எடுத்துவிட்டு, இந்த இரண்டு நாளும் காற்றை மட்டும் தாராளமாக விடுங்கள். ஈரத்தில் கட்டிய கூடு வெந்நீரில் போட்டால் நூல் சீராகப் பிரியாது, நூற்பாளர் கையில் எடுத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நல்ல வெண்கூட்டில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நூல் இருக்கும். ஏற்றியதில் இருந்து ஆறாம் ஏழாம் நாள் ஒரு கூட்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே கூட்டுப்புழு பழுப்பாகக் கெட்டிப்பட்டிருந்தால் எடுக்கலாம். இளசாக மஞ்சளாக இருக்கும்போது எடுத்தால் வண்டிக் குலுக்கலில் நசுங்கிக் கறை படும். பத்துப் பன்னிரண்டு நாள் தாண்டினால் அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அப்புறம் நூலே இல்லை. மெல்லியதையும் கறையையும் இரட்டையையும் வீட்டிலேயே பிரித்துத் தனி மூட்டையாகக் கொண்டுபோங்கள். கலந்து கொண்டுபோனால் ஏலத்தில் மொத்தக் குவியலுக்கும் மட்டக் கூட்டின் விலைதான் சொல்வார்கள். எங்கள் 38 கிலோவில் 15 கிலோ நல்ல கூடு இருந்தது, அதற்கும் 320தான். இரவில் அல்லது விடியலில், துணிப் பையில் தளர்வாகக் கட்டி ஏற்றுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் அடைத்தால் உள்ளே வெந்துபோகும்.

கூடு ஏறிய அன்று எல்லோருக்கும் உடம்பு ஓய்வு கேட்கும். நோய் வந்த பேட்ச் என்றால் அந்த ஷெட்டைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் எச்சமும் செத்த புழுவும் காய்ந்து தூளாகிக் காற்றில் பறப்பதற்குள், அன்று சாயங்காலமே முதல் கிருமிநீக்கம் அடித்துவிட வேண்டும். மிஞ்சிக் கிடக்கும் மெல்லிய கூடு, நெட்ரிகாவில் ஒட்டிய நூல் எல்லாவற்றையும் தீயில் காட்டிப் பொசுக்கி, நெட்ரிகாவைக் கரைசலில் முக்கி வெயிலில் காய வையுங்கள். பிறகு கழிவை அள்ளி, தேய்த்துக் கழுவி, மறுபடி அடித்து, பத்து நாளாவது ஷெட்டைக் காலியாகப் பூட்டி வையுங்கள். அடுத்த புழுவுக்கு முன்பணம் கட்டுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.